எடைக்கல் தூக்குபவன்

என் உத்தியோகம் இருபது கிலோ இரும்பு.
அதோடு ஒரு மரப்பெட்டி,
உள்ளே பித்தளைக் குஞ்சுகள்.
நுவரெலியா அளவீட்டுக் கந்தோரில்
பதினோரு வருடமாகத் தூக்குகிறேன்.
மழைக்கு ஊறாது, பனிக்குச் சுருங்காது.
மந்திரி மாறினாலும் ஒரு கிராம் கூடாது.
அரசாங்கத்தில் இப்படி ஒரு சாமான்
இது ஒன்றுதான் மச்சான் என்பான் சாரதி அன்டன்.

அந்த மாசியில் ஒரு நாள்
வேறெங்கோ போன வேனை
ராகலைக்கு மேலே திருப்பச் சொன்னார் பஸ்மினா மிஸ்.
மேல்கணக்கு மடுவம். பத்து மணி நிறுவை.
படங்கு கட்டிய இடுப்போடு, ஈரக் கொழுந்தோடு
பெண்கள் வரிசை.
தராசில் என் கல்லைத் தொங்கவிட்டேன்.
பத்தொன்பது என்றது முள்.

கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.
"தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிறது வழமைதானே, மிஸ்."
"அது துண்டில எழுதிக் கழிக்கிறது.
இது எழுதாமக் கழிக்கிறது."
பங்களாவிலிருந்து தேத்தண்ணி வந்தது.
ஆறியது.
பிறகு கொழும்பிலிருந்து போன் வந்தது.
அதுவும் அடித்து அடித்து ஆறியது.

தராசைத் திருத்திக் கொண்டுவந்த அன்று
அதன் கழுத்தில் கம்பி முறுக்கி
ஈய முத்திரையைக் குறட்டால் நசுக்கினார்.
டக்.
என் சேவைக்காலத்தில்
அரசாங்கம் வாய் திறந்து நான் கேட்டது அவ்வளவுதான்.

வளர்ச்சி என்று வானொலியில் சொல்வது
என்னவென்று எனக்குத் தெரியாது.
ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ,
நாளைக்கு மூன்று நிறுவை,
அந்த மலையில் நூற்றுப் பத்துப் பேர்.
பெருக்கிப் பார்த்து நிறுத்திவிட்டேன்.
தெரிந்தது இது:
பதினெட்டு காட்டினால் முழுப்பேர் என்று
அதோடு கூடையை இறக்கிய சிலுவைராணி
அந்தப் பங்குனியில் இருபத்தாறு எடுத்தாள்.
யாரும் அவளுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.
சம்பளச் சபை கூடவில்லை.
முள் பொய் சொல்லாது என்று விரலுக்குத் தெரிந்தது,
அவ்வளவுதான்.

மிச்சக் கிலோக் காசில்
பழைய தையல் மெசின் ஒன்று லயத்துக்கு வந்தது.
நூலுக்கு ராகலைக் கடை.
கடைக்காரர் தவமுருகன் பொத்தானுக்கென்றே
ஒரு அலுமாரி அடித்தார்.
அடித்த தச்சன் மகளுக்குச் சப்பாத்து.
சந்தையில் காசு எந்தக் கையிலிருந்து
எந்தக் கைக்குப் போனதோ,
ஞாயிறில் மட்டும் வந்த சரக்கு வேன்
புதனும் வந்தது.
இதெல்லாம் எந்த அறிக்கையிலும் இல்லை.
நான் பார்த்தேன், வேனின் பின்சீட்டிலிருந்து,
கல்லை மடியில் வைத்துக்கொண்டு.

மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது.
சேவையின் அவசியம் கருதி
என்று கடிதத்தில் இருந்தது.
யாருடைய சேவை என்று இல்லை.
புதிய ஐயா நல்ல மனிதர்,
மேசையை விட்டு எழும்பமாட்டார்.
வேனுக்கு டயர் இல்லை. டயருக்குக் கையொப்பம் இல்லை.
முத்திரையின் தவணை ஆவணியோடு முடிந்தது.
என் கல் அலுமாரிக்குள் இருக்கிறது,
இருபது கிலோவாகவே.
மாதா மாதம் தூசி தட்டிச்
சம்பளம் எடுக்கிறேன்.

போன கிழமை ராகலை பஸ் நிலையத்தில்
சிலுவைராணி அடையாளம் கண்டுகொண்டாள்.
"தம்பி, ஒங்க மிஸ் எப்ப வருவாங்க?"
கடைக்குள் வானொலி
வளர்ச்சியைத் தசமத்தில் வாசித்துக்கொண்டிருந்தது.
"பைல் போயிருக்கு அக்கா" என்றேன்.
அவள் அந்தப் பதிலை
கையில் தூக்கிப் பார்ப்பவள் போல
கொஞ்ச நேரம் நின்றாள்.
"பதினெட்டு காட்டுனா எறங்கிருவேன் இப்ப.
மெசினையும் வித்துட்டேன்."

பஸ் மேலே ஏறியது.
இரண்டு பக்கமும் பச்சை, பார்க்க அழகாய்.
பறிக்காமல் விட்ட கொழுந்து
செடியிலேயே முற்றிக்கொண்டிருந்தது.